மால்டா போட்டோகிராபி டூருக்குப் பணம் கட்டும் முன் அட்டவணையை வரி வரியாகப் பாருங்கள்

மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவுக்கு "போட்டோகிராபி ஸ்பெஷல்" என்று ஏழு நாள் டூர் விற்கும் விளம்பரங்கள் வாட்ஸப்பில் சுற்றுகின்றன. அப்படி ஒன்றுக்கு எங்கள் எட்டுப் பேர் குழு பணம் கட்டி ஏமாந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவரின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றின் தடயம் முழுவதும், அட்வான்ஸ் கட்டும் முன்பே அவர்கள் அனுப்பிய பயண அட்டவணையில் இருந்தது. அதை எப்படிப் படித்திருக்க வேண்டும் என்பதே இந்தப் பதிவு.

முதல் தடயம் அட்டைப் படம். மால்டாவின் இரண்டாவது பெரிய தீவான கோசோவின் துவெய்ரா கடற்கரையில் நின்ற அஸூர் விண்டோ என்ற பாறை வளைவைப் போட்டிருந்தார்கள். அது 2017 மார்ச் 8 காலை, புயலில் தூணோடு சேர்ந்து கடலில் விழுந்துவிட்டது. போன வருஷம் எடுத்த படம் என்று யாராலும் சொல்ல முடியாத படம் அது. உள்ளே நான்காம் நாளுக்கு எதிரே "அஸூர் விண்டோவில் சூரிய அஸ்தமனம்" என்றே அச்சாகியிருந்தது. அதை எழுதியவர் எட்டு ஆண்டுகளாவது அந்த இடத்தைப் பார்க்கவில்லை, விசாரிக்கவும் இல்லை. துவெய்ராவில் இப்போதும் எடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது. கடலில் தனித்து நிற்கும் ஃபங்கஸ் ராக், குன்றைத் துளைத்துக் கடல் உள்ளே வரும் இன்லேண்ட் ஸீ, மேற்கு பார்த்த சுண்ணாம்புக்கல் தட்டு. லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால் 1/30 நொடி எக்ஸ்போஷர் சுமார் 30 நொடியாகும்; அலை பனிமூட்டம்போல் பதியும். ஆனால் அதற்கு மாலை அங்கே நிற்க வேண்டும்.

அதற்குத்தான் நேரமே இல்லை. எங்கள் பயணம் அக்டோபர் நடுவில். அப்போது மால்டாவில் சூரியன் உதிப்பது காலை 7:10 வாக்கில், மறைவது மாலை 6:25 வாக்கில். அட்டவணையோ, தினமும் ஓட்டலில் காலை உணவு முடித்து 9 மணிக்குப் பேருந்து, மாலை 6 மணிக்குத் திரும்பவும் ஓட்டலில் இரவு உணவு. ஏழு நாளில் ஒரு விடியலும் ஒரு அந்தியும்கூட வெளியில் கிடையாது. சாதாரண சுற்றுலாப் பேருந்தின் நேரம் அது. மேலே போட்டோகிராபி என்று ஒட்டி, விலையைக் கூட்டி விற்றிருக்கிறார்கள். "ஆறு முதல் எட்டுப் பேர் மட்டும்" என்று சொன்ன வண்டியில், கேமராவே இல்லாத பயணிகளோடு சேர்த்து பத்தொன்பது பேர் இருந்தோம். அட்டவணை கைக்கு வந்ததும் பயணத் தேதியின் சூரிய உதயம், மறைவு நேரங்களை இணையத்தில் எடுத்து ஒவ்வொரு நாளுக்கும் எதிரே எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்து திசை. நேரம் சரியாக இருந்தாலும் வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்று பார்க்காவிட்டால் பயனில்லை. மால்டாவின் தென்கிழக்கில் மார்சஷ்லோக் மீனவத் துறை இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் தீட்டி முகப்பில் இரண்டு கண் வரைந்த லுட்சு படகுகள் நிற்கும் இடம். துறை தென்கிழக்கு பார்த்தது. விடிந்த முதல் ஒரு மணி நேரம் வெளிச்சம் படகுகளின் மேல் நேராக விழும். எங்களை அழைத்துப்போனது ஞாயிறு பகல் 11 மணிக்கு. ஞாயிறு அங்கே சந்தை நாள். கரை முழுவதும் கடைகளின் துணிக் கூரையும் கூட்டமும். சந்தையை எடுக்க விரும்புகிறவருக்கு ஞாயிறு சரி. படகை எடுக்க வந்தவருக்கு வேறு எந்த நாளும் விடியல்தான் சரி.

கோசோவின் வடகரையில் மார்சல்ஃபோர்னுக்குப் பக்கத்தில் ஷ்வெய்னி உப்புப் பாத்திகள். பாறையில் வெட்டிய கட்டம் கட்டமான குழிகள், சாய்ந்த வெளிச்சம் பட்டால்தான் ஒவ்வொரு வரம்பும் நிழலோடு எழுந்து தெரியும். அங்கே எங்களை இறக்கியது உச்சி வெயிலில். எல்லாம் தட்டையாக, வெளுத்துப் பதிந்தது. நேர்மாறாக, கொமினோ தீவின் புளூ லகூனுக்கு மாலை 4:30 மணி. அந்தத் தண்ணீரின் பச்சை நீலம், உச்சிச் சூரியனின் ஒளி அடியில் உள்ள வெள்ளை மணல் வரை இறங்கித் திரும்பினால் வருவது. அக்டோபரில் அந்த நேரம் சூரியன் அடிவானத்திலிருந்து இருபது பாகைக்குச் சற்று மேலேதான் இருக்கும்; தண்ணீர் கறுத்துப் போகும். உச்சி வெயில் வேண்டிய இடத்துக்கு அந்தி, அந்தி வேண்டிய இடத்துக்கு உச்சி வெயில். ஒளியைப் பற்றித் தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்த்திருந்தாலும் இந்த அட்டவணை வெளியே வந்திருக்காது.

புளூ லகூனில் இன்னொன்று. 2025 கோடையிலிருந்து கரையில் இறங்க முன்கூட்டியே இணையத்தில் நேரம் பதிவு செய்து, க்யூஆர் குறியீட்டைக் காட்டிக் கைப்பட்டை வாங்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. "லகூன் அனுமதிக் கட்டணம்" என்று உங்கள் பில்லில் ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

பில்லில் இருந்த மற்றொரு வரி கோசோ ஃபெர்ரி, போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட். மால்டா தீவின் சிர்கெவ்வா துறையிலிருந்து கோசோவின் இம்ஜார் துறைக்கு அந்தப் பெரிய ஃபெர்ரியில் 25 நிமிடம். போகும்போது டிக்கெட்டே கிடையாது. கோசோவிலிருந்து திரும்பும்போது மட்டும் இருவழிக்கும் சேர்த்து ஒரே கட்டணம். சில யூரோதான். ஆனால் இல்லாத டிக்கெட்டுக்குப் பணம் வாங்குகிறவர் மற்ற வரிகளில் என்ன செய்திருப்பார் என்று யோசிக்க வேண்டும். அந்த ஃபெர்ரி இரவிலும் ஓடுகிறது. அப்படியிருந்தும் பிற்பகல் 3:30-க்கே எங்களைத் திருப்பி ஏற்றினார்கள், மூன்று மணி நேரம் கழித்து வரும் அஸ்தமனத்துக்காகவே அங்கே போயிருந்தபோது. கோசோவை ஒரே பகலில் முடிக்கும் எந்தப் போட்டோ டூரையும் ஏற்காதீர்கள். குறைந்தது இரண்டு இரவு அங்கேயே தங்க வேண்டும்: ஒரு மாலை துவெய்ராவுக்கு, ஒரு மாலை உப்புப் பாத்திகளுக்கு. பாத்திகள் குடும்பங்கள் உழைத்து உப்பெடுக்கும் இடம். வரம்புக்கு வெளியே நின்றே எடுங்கள், குழிக்குள் கால் வைக்க வேண்டாம்.

பெரிய மோசடி ஹைபோஜியத்தில். ஹல் சஃப்லியெனி ஹைபோஜியம் பாறைக்குள் குடைந்த, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய நிலத்தடிக் கல்லறைக் கோயில். 1980 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மூச்சுக் காற்றும் ஈரமும் உள்ளே உள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுக்கும் என்பதால் ஒரு சுற்றுக்குப் பத்துப் பேர்தான். டிக்கெட் வாரக்கணக்கில், சீசனில் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். உள்ளே படம் எடுக்கவே அனுமதி இல்லை. எங்கள் அட்டவணையில் "ஹைபோஜியத்தில் வைட் ஆங்கிள் படப்பிடிப்பு" என்று இருந்தது. டிக்கெட்டும் எடுக்கவில்லை, அன்று காலை "மூடிவிட்டார்கள்" என்றார் ஓட்டுநர். மூடவில்லை. இந்த இடங்களைப் பராமரிக்கும் அரசு அமைப்பான ஹெரிட்டேஜ் மால்டாவின் சொந்த இணையதளத்தில் நீங்களே டிக்கெட் எடுங்கள். அல்லது உங்கள் தேதியும் நேரமும் அச்சான டிக்கெட்டை முழுத் தொகை கட்டும் முன் கேட்டு வாங்குங்கள்.

இதே வகையில் ம்னாய்த்ரா கற்கோயில்மேல் பால்வீதி தெரியும் படம் ஒன்றும் விளம்பரத்தில் இருந்தது. ம்னாய்த்ராவும் பக்கத்தில் உள்ள ஹஜர் ஈமும் 2009 முதல் பாதுகாப்புக் கூடாரத்தின் அடியில் இருக்கின்றன. கற்களுக்கு மேலே வானம் தெரியாது, இரவில் பொது அனுமதியும் இல்லை. மார்ச், செப்டம்பர் சமபகலிரவு நாட்களில் உதயக் கதிர் ம்னாய்த்ராவின் வாசல் வழியே நேராக உள்ளே போகும். அந்த விடியலுக்குக் குறைந்த எண்ணிக்கையில் தனி டிக்கெட் விற்பார்கள். அக்டோபர் டூரில் அதுவும் நடக்காது.

புளூ குரோட்டோ குகைகளுக்குப் போன நாள் கடல் கொந்தளிப்பு; படகுகளை நிறுத்திவிட்டார்கள். இது யார் தவறும் இல்லை. ஆனால் "வானிலை, பணம் திரும்பாது" என்றார்கள். அந்தப் படகுக்கு டிக்கெட் அதே இடத்தில், அன்றைக்கே, கவுன்டரில் எடுப்பது. ஓடாத படகுக்கு அவர் ஒரு யூரோவும் கட்டியிருக்க முடியாது. பில்லில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்று அங்கேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஓடினாலும் குகைக்குள் நீலம் தெரிவது காலையில்தான். படகு ஆடும், ட்ரைபாட் விரிக்க இடமில்லை. 1/250 நொடிக்குக் குறையாத ஷட்டர், தேவைக்கு ஏற்ற ஐஎஸ்ஓ, நீரின் பளபளப்பைக் குறைக்கும் ஒரு போலரைசர் ஃபில்டர், உப்புத் துளியைத் துடைக்க இரண்டு மூன்று துணி.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத அட்டவணையை நம்பாதீர்கள். வடமேற்கிலிருந்து வரும் மய்யிஸ்ட்ரால் காற்று வீசினால் கோசோவின் வடகரையில் அலை பாறைமேல் ஏறும், நிற்பதே ஆபத்து. ஷ்லோக் என்ற தென்கிழக்குக் காற்று சகாராவின் தூசியைக் கொண்டுவந்து தொலைவுக் காட்சியை மங்கலாக்கிவிடும். அன்றைக்குத் தலைநகர் வல்லெட்டா, பழைய தலைநகர் மதினா ஆகியவற்றின் சந்துகளுக்குள் போவதே நல்லது. ஏழு நாளில் இரண்டு நாளாவது இடம் மாற்றிக்கொள்ளும்படி விட்டுவைப்பவரே உண்மையில் திட்டம் போடுகிறவர்.

ஓட்டல் எங்கே என்றும் பாருங்கள். ஸ்லீமா கரையில் நின்றால் நீருக்கு அப்பால் வல்லெட்டாவின் கார்மலைட் தேவாலயக் குவிமாடமும் ஆங்கிலிகன் கோபுரமும் சேர்ந்து தெரியும். சூரியன் மறைந்தபின் வானம் ஆழ்ந்த நீலமாகும் நீல நேரம், அக்டோபர் நடுவில் மாலை 6:45 முதல் 7 மணி வரை, சுமார் கால் மணிதான். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஐந்து முதல் பதினைந்து நொடி. நடந்துபோகும் தூரத்தில் தங்கினால் நான்கைந்து மாலை முயலலாம். எங்களுக்குத் தந்தது தீவின் வடக்கில் ஒரு கடற்கரை விடுதி. வரைபடத்தில் தீவின் நீளமே 27 கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசலில் அங்கிருந்து வல்லெட்டா வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"ட்ரோன் பறக்கவிடலாம்" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனிலும் கேமரா இருந்தால் இயக்குபவர் பதிவு செய்து, எண்ணை ட்ரோனில் ஒட்ட வேண்டும். உயரம் 120 மீட்டருக்குள். சிறிய தீவிலேயே விமான நிலையமும் இருப்பதால் தடைப் பகுதிகள் அதிகம். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கானது. கேமராவுக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

கூட வருபவர் யார் என்று பெயரோடு கேளுங்கள். மால்டாவில் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் சுற்றுலா ஆணையத்தின் அடையாள அட்டையை அணிந்திருப்பார்கள். எங்களோடு வந்தது ஓட்டுநர் மட்டும். "போட்டோ ஆசிரியர்" என்றால், அதே மாதத்தில் மால்டாவில் அவர் எடுத்த படங்களின் அசல் கோப்பைக் கேளுங்கள். எடுத்த தேதி அதிலேயே இருக்கும்.

பணத்தைத் தனிநபர் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் சேவை தரவில்லை என்று வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்க வழி உண்டு. எங்களில் கார்டில் கட்டிய இருவர் மட்டுமே அந்த விண்ணப்பத்தைப் போட முடிந்தது. விற்றவர் இந்தியாவில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். பிறகு நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அட்டவணை, பில், ஒவ்வொரு இடத்திலும் எடுத்த படங்களின் அசல் கோப்புகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். உப்புப் பாத்தியில் எத்தனை மணிக்கு நின்றோம், துவெய்ராவை எத்தனை மணிக்கு விட்டோம் என்பதற்கு கேமரா பதிந்த நேரமே எங்கள் புகாரில் முக்கிய ஆதாரமாக இணைக்கப்பட்டிருக்கிறது. கிளம்பும் முன் கேமராவின் கடிகாரத்தை மால்டா நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.