பல்லுக்கு கிளிப் போட்ட பிள்ளைக்கு சிலிகான் மவுத்கார்ட்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளை பல்லுக்கு கிளிப் போட்டிருந்தால் ஸ்போர்ட்ஸ் கடையில் இருநூறு முந்நூறுக்குக் கிடைக்கிற, வெந்நீரில் முக்கிக் கடிக்கிற மவுத்கார்ட் (ஆட்டத்தில் பல்லின் மேல் மாட்டுகிற வாய்க் கவசம்) பக்கமே போகாதீர்கள். அது ஈ.வி.ஏ. என்கிற பிளாஸ்டிக். சூட்டில் இளகும், கடித்ததும் பல்லின் அச்சு அப்படியே பதிந்து இறுகிவிடும். வெறும் பல்லுக்கு அது சரிதான். கிளிப் இருந்தால் பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டுகிற சின்னத் துண்டு) இடுக்கிலும் கம்பிக்கு அடியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், இழுத்துக் கழற்றும்போது பிராக்கெட்டும் பெயர்ந்து வரலாம். அப்படி வராவிட்டாலும், கிளிப் போடுவதே பல்லை நகர்த்தத்தானே, போன மாதம் பதிந்த அச்சு இந்த மாதம் எப்படிப் பொருந்தும்?

என் மகள் கோவில்பட்டியில் ஹாக்கி ஆடுகிறாள். அவளுக்கு ஆன்லைனில் வாங்கியது கிளிப் போட்டவர்களுக்கென்றே வருகிற சிலிகான் வகை, ஆயிரத்துச் சொச்சம் ஆனது. வெந்நீர் வேலையெல்லாம் இல்லை, கழுவி நேரே மாட்டிக்கொள்ளலாம். உள்பக்கம் உதட்டோரமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள், பிராக்கெட் வரிசை அதற்குள் அடங்கிவிடுகிறது. எதையும் கவ்விப் பிடிக்காது என்பதால் பல் நகர்ந்தாலும் அதே கார்டை மாட்டலாம்.

ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் வரை எடை, கல் போன்ற கெட்டி. மட்டையில் பட்டுத் தெறித்து மேலே எழும்பினால் யார் வாயில் விழும் என்று சொல்ல முடியாது. கிளிப் இல்லாத பிள்ளைக்குப் பல்தான் கவலை, கிளிப் இருந்தால் உதடும் சேர்ந்துகொள்கிறது, ஏனென்றால் வெளியே பந்து, உள்ளே கம்பியின் கொக்கி, நடுவில் மாட்டுவது உதட்டின் உள்சதை. இத்தனைக்கும் சர்வதேச ஹாக்கி விதியில் களத்தில் ஆடுகிறவர்களுக்கு வாய்க் கவசம் பரிந்துரை மட்டும்தான், கட்டாயமில்லை. அதனால் இங்கே முன்னங்காலில் கட்டுகிற ஷின்கார்ட் எங்கே என்று கேட்கிற கோச்சுகள்கூட இதைக் கேட்பதில்லை.

குறைகளும் உண்டு. தடிமன் அதிகம், உதடு உப்பித் தெரியும், முதல் வாரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. "பாஸ்" என்று கத்தினால் வேறு என்னவோ கேட்கிறது, அவள் இப்போது மட்டையைத் தரையில் தட்டித்தான் பந்து கேட்கிறாள். சும்மா நிற்கும்போது கடைவாயில் போட்டு மெல்லுகிற பழக்கம் இருந்தால் சிலிகான் சீக்கிரம் கிழியும், ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், இது மேல்வரிசைக்கு மட்டும். கீழேயும் கிளிப் இருந்தால் இரண்டு வரிசைக்கும் சேர்த்து வருவதைப் பார்த்து வாங்குங்கள், அதில் மூச்சு விட முன்பக்கம் துளை இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பல் டாக்டரிடம் அளவெடுத்துச் செய்வது இதைவிடக் கச்சிதமாக உட்காரும், சந்தேகமில்லை. அச்செடுத்து, பிளாஸ்டர் மாவில் பல்வரிசையின் மாதிரியை வார்த்து, பிராக்கெட் இருக்கிற இடத்தில் மெழுகு வைத்து மூடி அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டை இளக்கி அழுத்திச் செய்வார்கள். ஆனால் பல் நகர நகர மறுபடி செய்ய வேண்டிவரும், செலவும் கூடுதல். எங்களுக்கு கிளிப் போட்ட டாக்டரே "கழற்றின பிறகு செஞ்சுக்கலாம், இப்போதைக்கு சிலிகான் போதும்" என்று சொல்லிவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, காற்றுத்துளை உள்ள டப்பாவில் போடச் சொல்லுங்கள். குளுக்கோஸ் குடித்த வாயோடு கழற்றி அப்படியே பையில் திணித்தால் மறுநாள் எறும்பு மொய்த்திருக்கும், எங்கள் வீட்டில் நடந்தது.

பாக்ஸிங் பிள்ளைக்கு வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சிவப்பு கலர் எடுக்காதீர்கள். வாயில் ரத்தம் வந்தால் நடுவருக்குத் தெரியாது என்பதால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.