காலின்ஸா, கிடியனா? 2020-இல் மேய்ன் மாநிலம் போட்ட கணக்கு

2020 நவம்பர் 3. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மேய்ன் மாநிலத்தில், அதிபர் பதவிக்கு ஜோ பைடன் சுமார் 74,000 வாக்கு வித்தியாசத்தில் டிரம்பை முந்தினார். அதே நாளில், அதே மாநிலத்தில், டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) சூசன் காலின்ஸ் சுமார் 70,000 வாக்கு வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சியின் சாரா கிடியனைத் தோற்கடித்தார். அந்த ஆண்டு அதிபருக்கு ஒரு கட்சி, செனட்டுக்கு இன்னொரு கட்சி என்று பிரித்துத் தேர்ந்தெடுத்த மாநிலம் மேய்ன் மட்டும்தான். 2016-இல் அப்படி ஒரு மாநிலம்கூட இல்லை.

காலின்ஸ் தோற்றுவிடுவார் என்றுதான் பெரும்பாலானவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கோடைக்குப் பிறகு வந்த கருத்துக்கணிப்புகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கிடியன்தான் முன்னால் இருந்தார். செப்டம்பரில் குவினிபியாக் பல்கலைக்கழகக் கணிப்பு அவருக்கு 54, காலின்ஸுக்கு 42 என்று சொன்னது. எண்ணி முடித்தபோது காலின்ஸுக்கு 51 சதவீதம், கிடியனுக்கு 42.4. ஏறத்தாழ அப்படியே தலைகீழ்.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. இருவரும் ஒரே பதவிக்குப் போட்டியிட்டார்களே தவிர, வாக்காளரிடம் நீட்டியது ஒரே சரக்கு இல்லை. கிடியன் முன்வைத்தது செனட்டின் பெரும்பான்மை. காலின்ஸ் முன்வைத்தது மேய்னுக்கான ஆள்.

முதலில் காலின்ஸ். கனடா எல்லையை ஒட்டிய அரூஸ்டுக் கவுண்டியில், உருளைக்கிழங்கு விளையும் பகுதியில் உள்ள காரிபூ என்ற சின்ன ஊரில் 1952-இல் பிறந்தவர். குடும்பத்துக்குத் தலைமுறைகளாக மர வியாபாரம். அப்பா, அம்மா இருவருமே அந்த ஊருக்கு மேயராக இருந்தவர்கள். செனட்டர் வில்லியம் கோஹனின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து அரசியலைக் கற்றுக்கொண்டார். 1994-இல் ஆளுநர் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார். இரண்டு வருடம் கழித்து கோஹன் ஓய்வு பெற்றதும் அந்த செனட் இடத்தைப் பிடித்தார். இரண்டு தவணைக்கு மேல் இருக்க மாட்டேன் என்று அப்போது சொன்னார். 2020-இல் கேட்டது ஐந்தாவது தவணை. எதிர்த்தரப்பு இதை நினைவூட்டாமல் விடவில்லை, ஆனால் பெரிதாக எடுபட்ட மாதிரி தெரியவில்லை. 1997-இல் பதவியேற்றதிலிருந்து செனட்டில் ஒரு வாக்கெடுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை என்ற சாதனைதான் ஊரில் பேச்சாக இருந்தது.

கிடியன் பிறந்தது ரோட் ஐலண்டில், 1971-இல். அப்பா இந்தியாவிலிருந்து குடியேறிய குழந்தைகள் நல மருத்துவர், அம்மா ஆர்மீனிய வம்சாவளி. மேய்னுக்குக் குடிவந்து, ஃப்ரீபோர்ட் நகர மன்றத்தில் தொடங்கி, 2012-இல் மாநில சட்டமன்றத்துக்குப் போய், 2016 டிசம்பரில் சபாநாயகர் ஆனார். இது சாதாரண ஏற்றம் இல்லை. பால் லெபாஜ் ஆளுநராக இருந்த காலம் அது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க 2017-இல் மக்கள் நேரடி வாக்கெடுப்பில் தீர்ப்புச் சொன்ன பிறகும் அவர் அதை நடைமுறைப்படுத்த மறுத்தார். அவரோடு மல்லுக்கட்டியதுதான் கிடியனின் அரசியல் முதலீடு.

தகுதியில் யாரும் சளைத்தவர் இல்லை. ஆனால் மேய்னில் ஒருவர் நாற்பது வருடம் குடியிருந்தாலும், அங்கே பிறக்காவிட்டால் வெளியூர்க்காரர்தான். கிடியன்மேல் அந்த முத்திரையை ஒட்டுவது காலின்ஸ் தரப்புக்கு எளிதாக இருந்தது.

அடுத்து, காலின்ஸ் போட்ட வாக்குகள். இங்கேதான் சண்டை சூடானது.

2017 ஜூலையில், ஒபாமா கால மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்ய அவருடைய கட்சி கொண்டுவந்த மசோதா 49-51 என்று விழுந்தது. எதிர்த்து வாக்களித்த மூன்று குடியரசுக் கட்சியினரில் காலின்ஸ் ஒருவர். ஊர் திரும்பியபோது பேங்கோர் விமான நிலையத்தில் பயணிகள் கைதட்டி வரவேற்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கட்சியின் வரிக்குறைப்பு மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். காப்பீடு எடுக்காதவர்களுக்கான அபராதத்தை அந்த மசோதாதான் பூஜ்யமாக்கியது. 2018 அக்டோபரில், கருக்கலைப்பு உரிமைக்கு ஆபத்து என்று பலர் அஞ்சிய பிரெட் கேவனாவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பும் வாக்கெடுப்பு. கடைசிவரை யோசித்து, முக்கால் மணி நேரம் பேசி, ஆதரவு என்று அறிவித்தார். 50-48 என்று நியமனம் உறுதியானது. கைதட்டியவர்களில் பலர் அன்றோடு அவரைக் கைவிட்டார்கள்.

2020 பிப்ரவரியில் டிரம்பின் முதல் பதவிநீக்க விசாரணையில் அவரை விடுவித்து வாக்களித்தார். டிரம்ப் பாடம் கற்றுக்கொண்டிருப்பார் என்று ஒரு பேட்டியில் சொன்னது நெடுநாள் கேலிக்கு உள்ளானது. அப்புறம் அக்டோபர் 26, தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, ஏமி கோனி பேரட்டின் உச்ச நீதிமன்ற நியமனம். தேர்தலுக்கு இவ்வளவு நெருக்கத்தில் நீதிபதி நியமிப்பது சரியில்லை என்று எதிர்த்தார். குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர் அவர் ஒருவர்தான், 52-48.

தன் வாக்கு தேவைப்படாத இடத்தில்தான் காலின்ஸ் வீரம் காட்டுவார் என்று எதிரிகள் சொல்வதுண்டு. பேரட் விஷயத்தில் அது சரி, அவர் எதிர்த்தும் ஒன்றும் மாறவில்லை. ஆனால் 2017 காப்பீட்டு வாக்கு அப்படிப்பட்டதில்லை. ஒரே ஒருவர் இடம் மாறியிருந்தாலும் 50-50 ஆகி, துணை அதிபர் வாக்கில் மசோதா நிறைவேறியிருக்கும். கேவனா வாக்கும் எடையுள்ளதுதான், எதிர்த்திசையில். ஆக இந்தப் பட்டியலை வைத்து அவரைப் போலி என்றும் சொல்ல முடியாது, கட்சியைத் தாண்டியவர் என்றும் சொல்ல முடியாது. இரு தரப்பும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அதில் சரக்கு இருந்தது.

கிடியன் இந்தப் பட்டியலில் கேவனாவையும் டிரம்பையும் பிடித்துக்கொண்டார். காலின்ஸ் மாறிவிட்டார், வாஷிங்டன் அவரை விழுங்கிவிட்டது, அவருக்குப் போடும் ஒவ்வொரு வாக்கும் மிச் மெக்கானலைப் பெரும்பான்மைத் தலைவராக வைத்திருக்கும் வாக்கு. வாதத்தில் பிழை இல்லை. செனட்டில் யார் தலைவர் என்பதைத் தீர்மானிப்பது உறுப்பினர் எண்ணிக்கைதான். ஆனால் இந்த வாதத்தில் கிடியன் என்ற தனி ஆளுக்கு வேலையே இல்லை. அவர் இடத்தில் ஜனநாயகக் கட்சியின் எந்த வேட்பாளரை நிறுத்தினாலும் இதே வாசகம் பொருந்தும்.

காலின்ஸ் பேசியது வேறு. நூறு பேர் கொண்ட செனட்டில் 13 லட்சம் சொச்சம் மக்கள் உள்ள மேய்னுக்கும் இரண்டு இடம், கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு இடம். சின்ன மாநிலத்துக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. செனட்டில் அதிகாரம் பெரும்பாலும் பணி மூப்போடும் வரிசையோடும் வருகிறது. எத்தனை ஆண்டு இருந்தார், எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதுதான் பணம் எங்கே போகும் என்பதைப் பாதிக்கும். காலின்ஸ் அப்போதே நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் மூத்த உறுப்பினர். பாத் நகரக் கப்பல் கட்டும் தளத்தில் கடற்படைக்கு நாசகாரிக் கப்பல் கட்டுகிறார்கள். கிட்டெரியில் நீர்மூழ்கிகளைப் பழுதுபார்க்கிறார்கள். இவற்றை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள். கோவிட் வந்தபோது சிறு நிறுவனங்களுக்கு ஊதியக் கடன் கொடுத்த திட்டத்தை வடிவமைத்த செனட்டர்களில் அவரும் ஒருவர். மேய்னுக்கு மட்டும் 200 கோடி டாலருக்கு மேல் வந்தது. விடுதிக்காரர், படகுக்காரர், மரக்கடைக்காரர் என்று யாரைக் கேட்டாலும் அந்தக் கடன் வாங்கிய ஒருவரைத் தெரிந்திருக்கும். இதற்கு எதிராக, 2020 மார்ச்சில் கூட்டத்தை முடித்துக்கொண்ட மாநில சட்டமன்றம் மீண்டும் கூடவே இல்லை என்று சபாநாயகர் கிடியனைக் குத்தினார்கள். கொஞ்சம் நியாயமற்ற குத்துதான், ஆனால் ஒட்டியது.

சரி, பணம்? இதில் போட்டியே இல்லை. கேவனா வாக்கெடுப்புக்கு முன்பே இணையத்தில் ஒரு நிதி திரட்டல் நடந்தது: காலின்ஸ் ஆதரித்தால், அடுத்த தேர்தலில் அவரை எதிர்ப்பவருக்குப் பணம் போகும், எதிர்த்தால் யாரிடமும் பிடிக்கப்படாது. இது லஞ்சத்துக்குச் சமம் என்று காலின்ஸ் கொதித்தார். வேட்பாளர் யாரென்றே தெரியாத நிலையில் சுமார் 40 லட்சம் டாலர் காத்திருந்தது. 2019 ஜூனில் களமிறங்கிய கிடியன் கடைசியில் காலின்ஸைவிட இரண்டு மடங்குக்கு மேல் திரட்டினார். மேய்ன் வரலாற்றில் அதுவரை காணாத செலவு. வாக்குப்பதிவு முடிந்தபோது கிடியன் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர் மிச்சம். வாங்குவதற்கு விளம்பர நேரமே மிச்சமில்லாத சின்னச் சந்தை அது. ஒரு அளவுக்கு மேல் பணம் சேரச் சேர, வெளி மாநிலத்தவர் நடத்தும் தேர்தல் என்ற பேச்சுக்குத்தான் தீனி.

இதோடு ஒப்பிட காலின்ஸ் தரப்பின் ஒரு விளம்பரத்தைச் சொல்ல வேண்டும். பில் கிரீன் என்பவர் மேய்ன் தொலைக்காட்சியில் பல பத்தாண்டுகள் காடு, ஏரி, மீன்பிடி என்று நிகழ்ச்சி நடத்தி ஓய்வு பெற்றவர். அரசியல்வாதி இல்லை. அவர் திரையில் வந்து காலின்ஸுக்குத் தன் ஆதரவைச் சொன்னார், அவ்வளவுதான். தேர்தல் முடிந்து காரணம் தேடியவர்கள் பலரும் இந்த விளம்பரத்தைக் குறிப்பிட்டார்கள். எதிர்ப்பக்கம் கோடிகளில் ஓடிய எத்தனையோ விளம்பரங்களில் ஒன்றுகூட அப்படி நினைவில் நிற்கவில்லை.

வாக்குமுறை கிடியனைக் காப்பாற்றும் என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது. மேய்னில் வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் உள்ளவரை நீக்கி அவருடைய வாக்குகளை இரண்டாம் விருப்பத்துக்கு மாற்றுவார்கள். 2018-இல் நாடாளுமன்றக் கீழவைக்கான மேய்னின் இரண்டாவது தொகுதியில் முதல் சுற்றில் பின்தங்கிய ஜேரட் கோல்டன் இப்படித்தான் வென்றார். 2020-இல் சுயேச்சையாக நின்ற இடதுசாரி லிசா சாவேஜ், தனக்கு முதலிடமும் கிடியனுக்கு இரண்டாமிடமும் கொடுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். 5 சதவீதம் வாங்கினார். காலின்ஸ் முதல் சுற்றிலேயே பாதியைத் தாண்டியதால் அந்த இரண்டாமிடங்கள் எண்ணப்படவே இல்லை.

பைடனுக்கு வாக்களித்தவர்களைவிடக் கிடியனுக்கு வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 88,000 பேர் குறைவு. சாவேஜுக்குப் போனது சுமார் 40,000. மீதியில் பெரும்பகுதி நேராகக் காலின்ஸிடம் போனது என்றே கொள்ளலாம். இது அவருடைய தனி மாயம் மட்டும் இல்லை. அதே நாளில் இரண்டாவது தொகுதி டிரம்புக்கு வாக்களித்துவிட்டு, ஜனநாயகக் கட்சியின் கோல்டனையும் மீண்டும் அனுப்பியது. 2008-இல் ஒபாமா மேய்னைப் பெரிய வித்தியாசத்தில் வென்றபோது காலின்ஸ் 61 சதவீதம் எடுத்தார். 2014-இல் 68. அந்த உயரத்திலிருந்து 51-க்கு இறங்கியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேவனா கோபம் பொய் இல்லை, போதவில்லை.

பிரசாரமாக மட்டும் பார்த்தால் காலின்ஸுடையது தெளிவாக மேல். கிடியனுடையது எந்த மாநிலத்திலும் ஓடக்கூடிய தேசியப் பிரசாரம். அதே ஆண்டு கொலராடோவில் அது போன்ற ஒன்று குடியரசுக் கட்சியின் கோரி கார்ட்னரை வீட்டுக்கு அனுப்பியது. ஆனால் கார்ட்னர் ஒரு தவணை செனட்டர், அவருக்கு இருபத்து நான்கு வருடக் கணக்குப் புத்தகம் கிடையாது.

வாக்காளர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. 2021 ஜனவரி 5-இல் ஜார்ஜியாவின் இரண்டு இடங்களையும் ஜனநாயகக் கட்சி வென்றது. 50-50 ஆன செனட்டில் துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கால் பெரும்பான்மை கைமாறியது. கிடியன் தருவதாகச் சொன்னது அவர் இல்லாமலே வந்துவிட்டது. அடுத்த மாதம் டிரம்பின் இரண்டாவது விசாரணையில் காலின்ஸ் குற்றவாளி என்று வாக்களித்தார். 2025-இல் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவரும் ஆனார். பைடனையும் காலின்ஸையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இரண்டு சரக்குமே கிடைத்தன.

கருக்கலைப்பு உரிமைக்காக மட்டும் வாக்களித்தவர்களுக்கு அப்படி இல்லை. 2022 ஜூனில், கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக்கிய ரோ எதிர் வேட் தீர்ப்பை ரத்து செய்த ஐந்து நீதிபதிகளில் கேவனாவும் ஒருவர். அவர் தன்னிடம் சொன்னதற்கு இது முரணானது என்று காலின்ஸ் அன்று அறிக்கை விட்டார். அந்த ஆறாண்டுத் தவணை முடிந்து, அதே செனட் இடத்துக்கு 2026 நவம்பரில் மேய்ன் மறுபடி வாக்களிக்கிறது.