பின் தையலில் ஒன்றரை அங்குலம்

யாங்கோனில் காற்சட்டை தைக்க நல்ல இடம் கேட்பவர்களுக்கு, பழையவர்கள் இன்னமும் பிரேசர் தெரு என்றே சொல்லும் அனோரதா சாலையில், காளியம்மன் கோவிலைத் தாண்டிப் பிரியும் ஒரு சந்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சிறு தையற்கடையையே காட்டுவேன். பெயர்ப்பலகை கிடையாது. கால்மிதி இயந்திரத்தின் சத்தத்தைக் கொண்டு கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாங்காக்கில் இருக்கும் மகனைப் பார்க்கப் புறப்பட்டபோதுதான் என் பழைய காற்சட்டை எதுவும் பொத்தான் எட்டவில்லை என்பது தெரிந்தது. அதுவரை தெரியாமல் போனதற்குக் கைலிதான் காரணம். ஏறக்குறைய இரண்டு கஜத் துணியை உருளையாக மூட்டி, மிஞ்சுவதை முன்னால் மடித்துச் செருகிக்கொள்ளும் அந்த உடை, 28 அங்குல இடுப்புக்கும் 42 அங்குல இடுப்புக்கும் ஒரே முகத்தோடு பொருந்திவிடுகிறது. முன்மடிப்பு ஆண்டுக்காண்டு குறுகிவந்ததை நான்தான் கவனித்திருக்க வேண்டும்.

முதலில் ஆயத்த உடை வாங்கலாம் என்று போஜோ சந்தைப் பக்கம் போனேன். ஒரு கடையில் 36 என்று சீட்டு ஒட்டிய காற்சட்டை தாராளமாக ஏறியது; அடுத்த கடையில் 38 தொடையோடு நின்றுவிட்டது. சீனத்திலிருந்து வரும் எக்ஸ்எல் சட்டையோ, எங்கள் வீட்டு எல் சட்டைக்குத் தம்பி போலிருந்தது. சீட்டில் உள்ள எண்ணைத் துணியோடு சேர்த்து அளந்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்பது அன்றைக்குக் கற்ற பாடம்.

தையற்கடை அண்ணனிடம் ஒரு தடித்த அளவு நோட்டு இருக்கிறது. என் பக்கத்தைப் புரட்டினார்: 2009-இல் 32, 2014-இல் 35, 2019-இல் 37. அளவு நாடாவுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரலைச் செருகிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் 40 என்று எழுதினார். “அண்ணே, மூணு அங்குலமா?” என்றேன். “நாடா புதுசு தம்பி,” என்றார். பழைய துணி நாடா இழுபட்டு நீண்டுபோய், 38 இருந்த இடத்தில் 37 என்று காட்டிக்கொண்டிருந்ததாம். துணியையும் அதே நாடாவால் அளந்து வெட்டியதால் காற்சட்டைகள் சரியாகவே பொருந்தியிருக்கின்றன. பொய் நோட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. நாடாவின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், 101.6 செ.மீ. தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ.க்கு மேல் போனாலே எச்சரிக்கை என்று மருத்துவர்கள் சொல்வது நினைவுக்கு வர, அங்குலப் பக்கத்துக்கே திருப்பிவிட்டேன்.

இந்த ஊரில் அலகை மாற்றி ஆறுதல் தேடுவது எளிது. 2013-இல் வணிக அமைச்சகம் மெட்ரிக் முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது; ஆனாலும் துணி கஜத்தில்தான் கிழிபடுகிறது, காய்கறி வீசையில்தான் நிறுக்கப்படுகிறது. ஒரு வீசைக்கு 3.6 பவுண்டு. 180 பவுண்டு என்று சொன்னால் வீட்டில் சோற்றைக் குறைத்துவிடுவார்கள். 50 வீசை என்றால் ஏதோ அரைச்சதம் அடித்தது போலிருக்கும். பர்மியர் பெய்த்தா என்று வழங்கும் அந்த எடையை ஆங்கிலேயர் நம் வீசையின் பெயரால் ‘விஸ்’ என்றே எழுதிவைத்தார்கள். சென்னைப் பக்கத்து வீசை சுமார் 1.4 கிலோ, இங்குள்ள வீசையோ 1.63 கிலோ. கடல் தாண்டி வந்து சதை போட்டது நாம் மட்டுமல்ல.

வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. பின் தையலின் உட்புறத்தில் ஒன்றரை அங்குலத் துணியை வெட்டாமல் மடித்து விட்டிருக்கிறார். நாளைக்குத் தையலைப் பிரித்தால் இடுப்பைத் தளர்த்திக்கொள்ளலாம். கேட்காமலே செய்தது மரியாதையா, என்னைப் பற்றிய கணிப்பா என்று தெரியவில்லை. இயந்திரம் காலால் ஓடுவதாலும் இஸ்திரிப் பெட்டி கரியில் சூடாவதாலும் மின்வெட்டு வேலையைத் தடுப்பதில்லை. அப்படியிருந்தும் பத்து நாளில் தருவதாகச் சொன்னதை மூன்று வாரம் இழுத்தார் என்பதுதான் என் மனக்குறை. தீபாவளிக்கு முன் கொடுப்பவர்கள் கெடுவை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டுப் பார்க்க ஒரு திரை மட்டும் உண்டு, கண்ணாடி கிடையாது. அதைக் குறையென்று நான் எண்ணவில்லை.

துணியை நீங்களே வாங்கிக்கொண்டு போனால் கூலி மட்டும்தான். எத்தனை கஜம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பழைய கணக்கில் நான் வாங்கிப்போன துணி பைக்குப் போதவில்லை, உள்பைகளை வேறு துணியில் வைத்துத் தைத்தார். அளவு கொடுக்க வெறும் வயிற்றோடு காலையிலேயே போவது நல்லது. நான் வழியில் மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்ட மோஹிங்கா இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அந்த 40-இல் அரை அங்குலமாவது அதன் கணக்கில் சேர வேண்டியது.