3 அடி ரீஃப் டேங்க்ல இருந்து 4 அடிக்கு மாறினோம்: கொளத்தூர் ஷிஃப்டிங் டீம் எப்படி?

ஓடிக்கிட்டிருக்கற மெரைன் டேங்கை, அதாவது கடல் உப்புத் தண்ணி மீன் தொட்டியை, அப்படியே புது டேங்குக்கு மாத்தணும், ஆள் வச்சுப் பண்ணலாமா இல்ல நாமளே பாத்துக்கலாமான்னு யோசிக்கறவங்களுக்காகத்தான் இந்த ரிவ்யூ. என்னோடது பல வருஷமா ஓடற 3 அடி டேங்க், ஃபுல்லா சோவா, மஷ்ரூம், லெதர்னு சாஃப்ட் கோரல் (மெத்துன்னு இருக்கற பவளம்) வகைங்கதான், கூடவே ஒரு பபிள் டிப் அனிமோன் (கடல் சாமந்தி), அதுக்குள்ள குடியிருக்கற க்ளவுன் மீன் ஜோடி. ஹார்ட் கோரல் (கல்லு மாதிரி கூடு கட்டற பவளம்) நான் வைக்கறதில்ல, அது 2001-லயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைக்குள்ள வந்தாச்சு, மன்னார் வளைகுடா பீஸ்னு யாராவது காட்டினா தயவுசெஞ்சு வாங்காதீங்க.

புது டேங்க் 4x2x2 அடி, 12 எம்எம் கிளாஸ். எங்க ஃப்ளாட் ஹால்ல ஒரே ஒரு சுவர்தான் அதுக்கு தோதான இடம், பழசு நிக்கற அதே இடம், அதனால ரெண்டு டேங்கையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு கொஞ்சம் கொஞ்சமா மாத்தறதுங்கற பேச்சுக்கே இடமில்ல. காலைல கழட்டினா ராத்திரிக்குள்ள எல்லா உயிரும் புது டேங்க்குள்ள இருக்கணும், அதுக்குத்தான் ஆள் தேடினேன். கொளத்தூர் மீன் மார்க்கெட் பக்கம் மெரைன் மட்டும் பாக்கற ஒரு சின்ன டீம், மூணு பேர், மொத்தம் 14,000 ரூபா கேட்டாங்க, உப்பும் புது மணலும் அதுல சேராது. ஸ்வீட் வாட்டர் டேங்க் ஷிஃப்ட் பண்றவங்க இதுல பாதிக்கே வரேன்னாங்க, நான் ஒத்துக்கல.

முந்தின வாரமே புது டேங்கை கார் பார்க்கிங்ல வச்சு நல்ல தண்ணி ரொப்பி லீக் டெஸ்ட் பண்ணிட்டாங்க. சிலிகான் புளிச்ச வாடை போகற வரைக்கும் உள்ள எதையும் விடக்கூடாதுன்னு கறாரா சொன்னாங்க. முந்தின நாள் சாயங்காலம் வந்து ட்ரம்ல ஆர்ஓ தண்ணி ரொப்பி உப்பு கலந்து பவர்ஹெட் (தண்ணியைச் சுழற்ற சின்ன மோட்டார்) போட்டு ராத்திரி முழுக்க சுத்த விட்டாங்க. பழைய டேங்க் கிட்டத்தட்ட 190 லிட்டர், புதுசு 450, பழைய தண்ணி அத்தனையும் எடுத்து ஊத்தினாலும் பாதிக்கு மேல புதுசா கலக்கணும். உப்பளவு பாக்கற ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணில ஜீரோ பண்ணாம 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) சொல்யூஷன் வச்சு செட் பண்ணினாங்க பாருங்க, அங்கயே எனக்கு பாதி நம்பிக்கை வந்துடுச்சு, ஏன்னா பூஜ்யத்துல கரெக்டா காட்டற மீட்டர் 35-ல தப்பா காட்டலாம், நிறைய கடைலயே இதைக் கவனிக்கறதில்ல. ரெண்டு தண்ணிக்கும் உப்பும் வெப்பமும் ஒண்ணாகற வரைக்கும் டேங்க்ல கை வைக்கல.

கழட்டற அன்னைக்கு முதல்ல கல்லு (கோரலும் பாக்டீரியாவும் ஒட்டியிருக்கற லைவ் ராக்), கடைசில மீனு. கல்லை எல்லாம் எடுத்து தண்ணி கால்வாசிக்கு இறங்கினதுக்கு அப்புறம் மீனுக்கு ஒளிய இடமே இல்ல, வலையால துரத்தற வேலையே இல்லாம சின்ன டப்பால அள்ளிட்டாங்க. ஒவ்வொரு கல்லும் டேங்க் தண்ணி இருக்கற டப்புக்கு நேரா போச்சு, காத்துல காய விடல, கல்லுல இருக்கற ஸ்பாஞ்ச் காத்து பட்டா செத்துடும், அது அழுகினா மீனுக்கு விஷமான அமோனியா வரும். சோவா இருக்கற கல்லைத் தொட்டவர் கிளவுஸும் கண்ணாடியும் போட்டிருந்தார், எங்க பையன் கிட்ட வந்தப்ப "தம்பி, தள்ளி நில்லு"ன்னு அனுப்பிட்டார். சோவால பாலிடாக்சின்ங்கற கொடிய விஷம் இருக்கலாம், அதைச் சுரண்டறப்ப தெறிச்சு கண்ணுல பட்டாலோ கைல வெட்டுக்காயம் வழியா உள்ள போனாலோ ஆபத்து, அந்தக் கல்லை வெந்நீர்ல போடறதெல்லாம் செய்யவே கூடாத வேலை.

அனிமோன் தான் எனக்கு பெரிய பயம். அதோட கால் ஒரு கல்லு பொந்துக்குள்ள ஆழமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பிச்சு எடுத்தா கால் கிழியும், கிழிஞ்ச அனிமோன் அழுக ஆரம்பிச்சா டேங்க்கே காலி. அந்த அண்ணன் தண்ணிக்குள்ள கையை விட்டு சுத்தித் தடவிப் பாத்துட்டு "சார், இதைத் தொட வேணாம், கல்லோட போகட்டும்"னார். ரெண்டு பேரா சேர்ந்து தண்ணிக்குள்ளயே அந்தக் கல்லுக்கு அடியில டப்பை விட்டு, கல்லும் அனிமோனும் தண்ணியும் மொத்தமா அப்படியே தூக்கினாங்க, அது கொஞ்சம் சுருங்குச்சு அவ்வளவுதான், இடம் விட்டு நகரவே இல்ல.

இந்த டீமுக்கு நான் காசு குடுத்ததே வீண் இல்லன்னு தோண வச்சது மணல் விஷயம். பழைய மணல்ல பாக்டீரியா இருக்கு, அதைத் தூக்கிப் போட்டா டேங்க் க்ராஷ் ஆயிடும்னு நிறைய பேர் சொல்வாங்க. இவங்க கல்லு இருந்த இடத்துல மணலை லேசா விரலால கிளறிக் காட்டினாங்க, மேல வெள்ளை, கீழ கரும்பட்டை, உடனே அழுகின முட்டை நாத்தம். வருஷக்கணக்கா அடைஞ்ச கழிவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதுல இருக்கு, அசையாம இருக்கற வரைக்கும் ஒண்ணும் இல்ல, அள்ளிப் புது டேங்க்ல கொட்டினா அத்தனையும் ஒரே நேரத்துல தண்ணில கலக்கும். கடல் தண்ணி பிஎச் 8.2 பக்கம் இருக்கறதால அமோனியா வந்தா அதுல விஷமா இருக்கற பங்கும் கூடும். "கல்லு இருந்தா போதும் சார், உங்க டேங்க்கே கல்லுலதான் இருக்கு"ன்னார். அதான் உண்மை, நைட்ரிஃபை பண்ற (அமோனியாவை மாத்தி விஷத்தைக் குறைக்கற) பாக்டீரியா பெரும்பாலும் கல்லு மேலயும் ஃபில்டர் மீடியா மேலயும்தான் ஒட்டியிருக்கும், தண்ணில கொஞ்சம்தான். மேல் மணல்ல ஒரு கப் மட்டும் அலசி புது மணல் மேல தூவினாங்க, மிச்சம் மூட்டை கட்டி கீழ போயிடுச்சு.

மறுநாள் அமோனியா கிட்ல லேசா கலர் காட்டுச்சு, தீனியைக் குறைச்சேன், ரெண்டொரு நாள்ல ஜீரோ. லெதர் ஒரு வாரம் மூடியே கிடந்துச்சு, மேல் தோலை உரிச்சு விட்டு திறந்துடுச்சு, ஒரு கோரல் கூட போகல. லைட்டைப் பாதிக்குக் குறைச்சு வாரத்துக்கு கொஞ்சமா ஏத்தச் சொன்னாங்க, தண்ணி தெளிவா இருக்கறப்ப வெளிச்சம் ஜாஸ்தியா உள்ள இறங்கும்ங்கறதால அதுவும் சரியான அட்வைஸ்தான்.

குறையும் சொல்லணும். சொன்ன நேரத்துக்கு ரொம்ப லேட், வெயில் ஏறினதுக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பிச்சுது, ஏசி ரூம்ல டப்பை எல்லாம் வைக்கலைன்னா தண்ணி 30 டிகிரியைத் தாண்டியிருக்கும். கல்லு அடுக்கறதுல அவசரம், பின் கிளாஸோட ஒட்டிக் குவிச்சுட்டாங்க, பின்னாடி தண்ணி ஓட வழியே இல்ல, நான் கேட்டதுக்கு அப்புறம் பிரிச்சு ஒரு ஜாண் தள்ளி அடுக்கினாங்க. டேங்குக்குத் தண்ணி திரும்பி வர்ற ரிட்டர்ன் பைப்போட ஜாயின்ட்ல தண்ணி சொட்டு, அதுக்கு திரும்ப வர பல தடவை போன் பண்ண வேண்டியிருந்துச்சு, வந்தப்ப காசு கேட்கல. பாட்டில் பாக்டீரியா வாங்கச் சொன்னாங்க, பழைய கல்லு இவ்வளவு இருக்கறப்ப எனக்கு அவசியமாத் தெரியல, வாங்கல.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். லைவ் ராக் நிறைய இருக்கற பழைய டேங்க்னா தயங்காம கூப்பிடலாம். ஆனா 4 அடிக்கு மேலன்னா அவங்ககிட்ட ட்ரம் பத்தாது, புக் பண்றப்பவே அதைப் பேசிக்கங்க, ஆர்ஓ தண்ணியும் நீங்களே முன்கூட்டி பிடிச்சு வச்சிடுங்க, ஏன்னா கேன் தண்ணிக்குன்னு தனியா 1,800 ரூபா பில் போட்டாங்க, அதை முதல்லயே சொல்லல.