45,000 ருஃபியா போச்சு: மாலத்தீவில் இருக்கிற டீச்சர்கள் பணம் மாற்றும்போது பார்த்துக்கோங்க

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவில் வேலை பார்க்கிற நம்ம ஊர் ஆசிரியர்கள், அதிலும் துணையைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரே சம்பளத்தில் காலம் தள்ளுகிறவர்கள், இதைக் கடைசிவரை படியுங்கள். என்னென்ன பார்த்துச் செய்ய வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். 45,000 ருஃபியா, அதாவது மாலத்தீவுப் பணம். போன வாரம் வரை என் கணக்கில் இருந்த பணம். இப்போது எவன் கணக்கில் இருக்கிறதோ.

நான் கணக்கு டீச்சர். வடக்கே ஹா தாலு அட்டோல் என்கிற தீவுக்கூட்டத்தில் ஒரு சின்னத் தீவில் வேலை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போய்விடலாம். எங்க வீட்டுக்காரர் டிபெண்டன்ட் விசாவில் கூட இருக்கிறார். அந்த விசாவில் அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், இங்கே சமைக்கிறார், சரக்குப் படகு வந்தால் காய்கறி தீருவதற்குள் ஓடிப்போய்த் தக்காளியும் வெங்காயமும் பிடிக்கிறார், பக்கத்து வீட்டு முருங்கையில் கீரை பறித்துக்கொண்டு வருகிறார். "சார் என்ன வேலை செய்றாங்க?" என்று தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். சரி, அது வேறு கதை. இங்கே என் ஒரு சம்பளம்தான் என்பதைச் சொல்ல வந்தேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று புரிய வேண்டும், இல்லாவிட்டால் "பேங்க்ல அனுப்ப வேண்டியதுதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். என் அண்ணன் அப்படித்தான் கேட்டான். இங்கே சம்பளம் ருஃபியாவில். இந்தியாவுக்கு அனுப்பவேண்டும் என்றால் டாலர் வேண்டும். இந்த நாட்டுக்கு டாலர் வருவதே பெரும்பாலும் சுற்றுலாவில்தான், அரிசி பருப்பு டீசல் எல்லாம் வெளியிலிருந்து வாங்குவதால் வந்த டாலர் அப்படியே போய்விடுகிறது. ஒரு டாலர் 15.42 ருஃபியா என்று 2011-லிருந்து விலை ஒரே இடத்தில் நிற்கிறது, ஆனால் அந்த விலைக்கு வெளியில் யாரும் டாலர் தரமாட்டார்கள். வங்கி வழியாக நாம் ஊருக்கு அனுப்புவதற்கு மாத உச்சவரம்பு உண்டு. 400 டாலராக இருந்ததை 2025 அக்டோபரில் 150 ஆக்கிவிட்டார்கள். 150 டாலர் என்றால் நம்ம பணத்தில் பதிமூன்றாயிரம் சொச்சம். அதை வைத்து என்ன செய்ய? வீட்டுக் கடன் கட்டவா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவா, மாமியார் மருந்துக்கா?

அதனால்தான் மீதி ருஃபியா இங்கேயே கணக்கில் சேர்ந்துகொண்டு போகும். சேர்ந்து என்ன பயன், ஊரில் எந்த வங்கியிலும் அதை நீட்டி மாற்ற முடியாது. எனக்குச் சேர்ந்ததுதான் அந்த 45,000. 15.42 கணக்கில் வகுத்தால் 2,900 டாலர் சொச்சம். மாதம் 150 என்று அனுப்பினால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் அடுத்தடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு காசு அனுப்பாமல் இருந்தால். எங்களுக்கு அவ்வளவு நாள் இல்லை. இந்த வேலைக்காக ஊர் ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்கு என் ஆரத்தையும் மாமியார் வளையலையும் அடகு வைத்திருந்தோம், ஏலத்துக்குப் போகும் என்று நோட்டீஸ் வந்துவிட்டது.

இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. நாம் இங்கே ஒருவர் கணக்கில் ருஃபியா போடுவோம், அவர் ஆள் ஊரில் நம்ம கணக்கில் ரூபாய் போடுவார். இதற்கென்றே அரட்டைச் செயலியில் குழுக்கள் இருக்கின்றன. நான் சொல்கிற குழுவில் ஆயிரக்கணக்கில் ஆட்கள், காலையில் எழுந்தால் "இன்றைய ரேட்" என்று வந்துவிடும், கீழே "ரிசீவ்டு, தேங்க்ஸ் ப்ரோ" என்று வரிசையாக இருக்கும். அந்த "ரிசீவ்டு" போட்டவர்களில் எத்தனை பேர் நிஜ ஆட்கள் என்று இப்போது யோசிக்கிறேன். குழுவின் பெயரெல்லாம் சொல்லப் போவதில்லை, நடத்துகிறவன் பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே வேறு குழு திறப்பான்.

என்னை அதில் சேர்த்துவிட்டது எங்கள் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்க்கிற ஒரு சார். அவர் நிறைய தடவை அனுப்பியிருக்கிறார், வந்திருக்கிறது. நானும் முதலில் 2,000 ருஃபியா போட்டேன். டீ ஆறுவதற்குள் ஊரில் பணம் ஏறிவிட்டது. அப்புறம் 5,000. அதுவும் வந்தது. குழுவில் எனக்குப் பணம் மாற்றிக் கொடுத்தவன் ஒரு நாள் அவனாகவே போன் பண்ணினான். நல்ல தமிழ், எங்கள் பக்கத்துப் பேச்சு. "நான் மார்த்தாண்டம் பக்கம்தான் அக்கா, நீங்க எங்க?" என்று கேட்டான். அவன் அம்மாவும் டீச்சராம். டீச்சர்களுக்கு என்றால் நான் லாபமே பார்க்க மாட்டேன் என்றான். பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுத்து அவனே அனுப்பினான், நான் கேட்கவே இல்லை. "பெரிய அமவுண்ட் அனுப்பும்போது எல்லாரும் யோசிப்பாங்க அக்கா, நீங்களும் யோசிக்கணும், அதான் அனுப்புறேன்" என்றான். நான் பத்திரமாக இருக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தவனை எப்படிச் சந்தேகப்படுவது? நம்பிக்கை எங்கே வந்தது என்று கேட்டால் அந்த ஒரு வரியில்தான் வந்தது. வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டார், "பையன் விவரமாத்தான் பேசுறான்" என்றார்.

ஒரு ருஃபியாவுக்கு 4.70 ரூபாய் தருகிறேன் என்றான். 45,000-க்கு 2,11,500. நகை முழுதும் மீண்டுவிடும். வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளி முடிந்து வந்ததும் வங்கி ஆப்பைத் திறந்து அவன் கொடுத்த கணக்குக்கு 45,000 ருஃபியாவும் போட்டேன். கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது. இங்கே அது சகஜம், முன்னால் போட்ட இரண்டு தடவையும் வேறு வேறு பெயர்தான்.

கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் வந்தது. பச்சை டிக், வெற்றிகரமாக அனுப்பப்பட்டது, நெஃப்ட் (ஊரில் வங்கிக்கு வங்கி பணம் அனுப்புகிற முறை), என் கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கம், எல்லாம் சரியாக இருந்தது. ஊரில் பணம் ஏறவில்லை. ராத்திரி கேட்டேன். "சர்வர் ஸ்லோ அக்கா, காலைல வந்துடும்." காலையில் கேட்டேன். "இன்னிக்கு வெள்ளி, இங்க லீவு அக்கா." சனிக்கிழமையும் இங்கே லீவு. ஞாயிறு? "ஊர்ல பேங்க் லீவு அக்கா, டென்ஷன் ஆகாதீங்க." நெஃப்டுக்கு லீவே கிடையாது, 2019 டிசம்பரிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது. இதை எங்க வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் நாங்கள் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

அதை இங்கே விவரமாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். நெஃப்டில் அனுப்பினால் யுடிஆர் என்று ஒரு எண் வரும், அது எழுத்தும் எண்ணுமாக 16 இருக்கும், தொடக்கத்திலேயே பெரும்பாலும் அனுப்பிய வங்கியின் நாலு எழுத்து இருக்கும். இவன் அனுப்பியதில் வெறும் 12 எண். 12 எண் என்பது ஐஎம்பிஎஸ் என்கிற இன்னொரு முறையில் அனுப்பினால் வருவது. மேலே நெஃப்ட் என்று போட்டுவிட்டுக் கீழே அந்த எண். இன்னொன்று, தொகையை 211,500 என்று எழுதியிருந்தது. நம்ம ஊர் வங்கி ஆப் எதிலாவது இரண்டு லட்சத்தை இப்படிக் கமா போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 2,11,500 என்றல்லவா வரும். எழுத்து கூட ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் இருந்தது. பிள்ளைகள் பரீட்சைத் தாளில் மார்க்கைத் திருத்தினால் கண்டுபிடிக்கிற எனக்கு இவன் எப்படிப்பட்டவனென்று அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை கேட்டபோது "அக்கா" போய் "மேடம்" வந்துவிட்டது. "மேடம், உங்க பேங்க்ல கேளுங்க, நான் அனுப்பிட்டேன்." ஊரில் அண்ணன் பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய் அந்த எண்ணைக் கொடுத்தான், அப்படி ஒரு வரவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொன்னால் "அப்ப உங்க அண்ணன் எடுத்திருப்பார்" என்கிறான்! அதற்குப் பிறகு படிப்பான், பதில் இல்லை. குழுவில் எழுதினேன். எழுதியது அழிந்தது. மறுபடி எழுதினேன். என்னையே வெளியே தள்ளிவிட்டார்கள். குழு நடத்துகிறவருக்குத் தனியாகச் செய்தி போட்டால், "நாங்க இடம் மட்டும்தான் தர்றோம், கொடுக்கல் வாங்கல் உங்க பொறுப்பு, ரூல்ஸ் மேலே பின் பண்ணியிருக்கு" என்று பதில். தினமும் ரேட் போடுவது யார் ஐயா? அந்த ஆளை "நம்பகமானவர்" என்று நட்சத்திரம் போட்டு வைத்திருந்தது யார்?

சேர்த்துவிட்ட சாரைக் கேட்டேன். "எனக்கு எப்பவும் வந்துருதே மிஸ்" என்கிறார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல.

பணம் போட்ட வங்கியில் கேட்டால், நீங்களே ஓடிபி போட்டு அனுப்பியது, எதிர்க் கணக்குக்காரர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது, போலீசில் சொல்லுங்கள் என்று மெயில். அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருக்கிறதா என்பதையாவது சொல்லுங்கள் என்றேன். அது வாடிக்கையாளர் ரகசியமாம். என் 45,000 ருஃபியா, அவனுக்கு ரகசியம். தீவில் இருக்கிற காவல் நிலையத்தில் மரியாதையாக உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள், எங்கள் பள்ளி ஆபீஸ் பெண் கூட வந்து இந்த ஊர் மொழியான திவேஹியில் சொல்லிக் கொடுத்தாள். மேலிடத்துக்கு அனுப்புவோம் என்றார்கள். போன் பண்ணினால் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். யாருக்கு, எப்போது பதில் வரும் என்று கேட்டால் சிரிப்புதான்.

புகார் கொடுக்கவே பல பேர் யோசிக்கிறார்கள், அதுதான் இவர்களுக்கு வசதி. இந்த மாதிரி கை மாற்றிப் பணம் அனுப்புவது நம்ம ஊர்ச் சட்டப்படி தப்பு, அந்நியச் செலாவணி விவகாரம். வேலை போய்விடுமோ, விசா போய்விடுமோ என்று வாயை மூடிக்கொள்வோம் என்று அவனுக்குத் தெரியும். வேறு தீவில் ஒரு டீச்சர் 20,000 விட்டிருக்கிறார், வீட்டில் கணவருக்குக் கூடச் சொல்லவில்லை. இன்னொரு சாருக்குப் பணம் ஒழுங்காக வந்திருக்கிறது, ஆனால் அது வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றி எடுத்த பணமாம், அங்கே சைபர் போலீஸ் கேட்டு அவர் கணக்கையே முடக்கிவிட்டார்கள். சம்பளத்தில் சேர்த்து வைத்திருந்ததும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. வந்தாலும் ஆபத்து, வராவிட்டாலும் ஆபத்து. 150 டாலர் என்று வரம்பு போட்டவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? மாதம் 400 அனுப்ப விட்டிருந்தால் பாதிப் பேர் இந்தக் குழுக்கள் பக்கமே போகமாட்டார்கள்.

வீட்டுக்காரர் இப்போது ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்கிறார், ஒரு ஆள் செலவாவது குறையுமாம். வாடகை அதேதான், குறையப்போவது சாப்பாட்டுச் செலவுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டேன்.

பார்த்துச் செய்ய வேண்டியது என்று சொன்னேன் இல்லையா. எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், ஊரில் பாஸ்புக்கில் ஏறினால்தான் பணம். பாஸ்போர்ட் படம் அனுப்பினால் அது அவனுடையது என்று அர்த்தம் இல்லை, வேறு யாரோ ஏமாந்தவருடையதாகவும் இருக்கும். நீங்களும் உங்கள் பாஸ்போர்ட்டை இவர்களுக்கு அனுப்பாதீர்கள். சின்னத் தொகை ரெண்டு தடவை வந்தது என்பதெல்லாம் ஒன்றுமே இல்லை. வங்கி விடுகிற 150 டாலரை ஒரு மாதம்கூட விடாமல் அனுப்பிவிடுங்கள். புதிதாக வருகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், சம்பளம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், அதில் எவ்வளவு ஊருக்குப் போகும் என்று இங்கே இருக்கிறவர்களிடம் கேளுங்கள், ஏஜென்ட் சொல்லமாட்டான். ஊரில் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு, அதாவது இந்தியாவின் சைபர் மோசடி உதவி எண்ணுக்கு, அடியுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம், அம்மா டீச்சர், "டீச்சர்களுக்கு லாபமே பார்க்க மாட்டேன்" என்று உங்களிடமும் ஒருவன் பேசியிருந்தால், பணம் போட்ட கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் தேதியையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அந்த 20,000 போட்ட டீச்சர் கொடுத்ததும் என்னுடையதும் ஒரே கணக்குதான் என்று நேற்றுத்தான் தெரிந்தது. நாலைந்து பேர் சேர்ந்தால் தலைநகர் மாலேயில் நேரில் போய் ஒரே புகாராகக் கொடுக்கலாம், நான் லீவு போட்டு வருகிறேன். பயந்துகொண்டு இருக்கிறவர்கள் பெயரை நான் வெளியே சொல்லமாட்டேன்.