மரணத்தருவாயில் உள்ளோரைப் பராமரிக்கும் பயிற்சி: வகுப்பறை, ஒத்திகை, படுக்கையருகு

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியருக்கு அளிக்கப்படும் பயிற்சியில் பெரும்பகுதி உயிரைக் காப்பது பற்றியதே; ஆயினும் அங்கு இறப்பவர்களில் பலர், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது என்று முடிவெடுத்த பின்னரே இறக்கிறார்கள். அந்த முடிவுக்குப் பிந்தைய மணிநேரங்களுக்குச் செவிலியரை ஆயத்தப்படுத்த மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது வகுப்பறைப் பாடம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய எல்னெக் (ELNEC) என்னும், வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்பைச் செவிலியருக்குக் கற்பிக்கும் திட்டம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதில் பயின்றவர் தம் மருத்துவமனைக்குத் திரும்பிச் சக செவிலியருக்குக் கற்பிக்கிறார். குறைந்த செலவில் பலரைச் சென்றடையும் வழி இது. நோயாளி படும் துன்பத்துக்கு ஏற்ப அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் என்னும் வலிநிவாரணி மூச்சுத்திணறலைத் தணிப்பதற்கானது, மரணத்தை விரைவுபடுத்துவதற்கானது அன்று என்ற தெளிவை இங்கேயே பெற்றுவிடலாம். ஆனால், "அம்மாவுக்கு வலிக்கிறதா?" என்று மகள் கேட்கும்போது என்ன சொல்வது என்பதை வகுப்பறையில் கேட்டறிவது வேறு, சொல்லிப் பழகுவது வேறு.

அந்த இடைவெளியை நிரப்புவது ஒத்திகைப் பயிற்சி. வென்டிலேட்டரை, அதாவது செயற்கைச் சுவாசக் கருவியை, விலக்கும் வேளைக்கு இதுவே மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அங்கு வரிசை பிசகினால் துன்பப்படுபவர் நோயாளி. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தின் விளைவு நீங்கிவிட்டதா என்று உறுதிசெய்தல், மூச்சுத்திணறல் தொடங்கும் முன்பே அதைத் தணிக்கும் மருந்தைத் தொடங்குதல், அலாரங்களை நிறுத்துதல், குடும்பத்தினர் கையைப் பற்றிக்கொள்ள வசதியாகப் படுக்கையின் தடுப்புக் கம்பியை இறக்குதல் ஆகிய அனைத்தையும் பொம்மை நோயாளியிடம் தவறுகளோடு செய்து பார்க்கலாம். பேச இயலாத நோயாளியின் மூச்சுத்திணறலை, சுவாச வேகம், மூக்குத் துவாரம் விரிதல், முகத்தில் தெரியும் அச்சம் உள்ளிட்ட எட்டு அறிகுறிகளால் 0 முதல் 16 வரை மதிப்பிடும் அளவுகோலையும் இங்கே பழகலாம். பயிற்றுநரும் நேரமும் மிகுதியாகத் தேவைப்படுவதே இதன் குறை.

மூன்றாவது, மூத்த செவிலியரின் துணையோடு படுக்கையருகே கற்பது. எப்போது பேசாமல் நிற்பது, குடும்பத்தினரைத் தனியே விட்டு எப்போது வெளியேறுவது என்பனவற்றை வேறெங்கும் இவ்வளவு நன்றாகக் கற்க முடியாது. ஆனால் மூத்தவர் அவசரக்காரராக இருந்தால் அந்த அவசரமும் சேர்ந்தே கற்பிக்கப்படும். இறப்புக்குப் பின் இருவரும் அமர்ந்து பேச நேரம் ஒதுக்காவிட்டால், இளையவர் துயரத்தைத் தனியாகவே சுமக்க நேரும்.

ஒன்றுக்கு மட்டுமே வசதி உண்டு என்றால் மூன்றாவதையே தேர்ந்தெடுப்பேன், துணை நிற்பவரைக் கவனமாகத் தெரிவு செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு. இயலுமானால், வென்டிலேட்டரை விலக்கும் ஒத்திகையை முடித்த பிறகே ஒருவரை உண்மையான நோயாளியிடம் அனுப்பவேண்டும். எந்த வழியானாலும், அன்றைய பணிப்பட்டியலில் அந்தச் செவிலியருக்கு வேறு நோயாளியை ஒதுக்கக் கூடாது. இரண்டு படுக்கைகளுக்கு நடுவே ஓடுகிறவரால் கற்றதைச் செய்ய இயலாது.