பாக்கெட் சுக்குப் பொடி: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

மளிகைக் கடைகளில் 50, 100 கிராம் பாக்கெட்டில் வரும் சுக்குப் பொடியைப் பானகத்துக்கும் சுக்குமல்லிக் காபிக்கும் தாராளமாக வாங்கலாம். வீட்டில் இஞ்சி தீர்ந்துவிட்டதே என்று குருமாவில் போடுவதற்காக வாங்கினால் ஏமாற்றம்தான்.

பச்சை இஞ்சியின் உறைப்பு ஜிஞ்செரால் என்ற பொருளால் வருவது. காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும். அது இன்னும் கடுமையானது. எலுமிச்சையை நினைவூட்டும் அந்தப் பச்சை வாசனையோ காயும்போது பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் பொடி தொண்டையில் சுரீரென்று ஏறுகிறது, மூக்குக்கு எதுவும் எட்டுவதில்லை. வெண்பொங்கல், இஞ்சித் துவையல், நீர்மோர் மூன்றுக்கும் பச்சை இஞ்சியே வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சிக்குக் கால் தேக்கரண்டி பொடி போதும். அதற்கு மேல் போனால் கஷாய வாடை வந்துவிடும்.

பானகத்தில் பொடியை நேராகத் தண்ணீரில் தூவினால் கட்டி கட்டியாக மிதக்கும். 1 லிட்டருக்கு 200 கிராம் வெல்லம், அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, 4 ஏலக்காய். பொடியை முதலில் கொஞ்சம் வெல்லப்பாகில் குழைத்துக்கொண்டு பிறகு கரைத்தால் அடியில் தங்காது. எலுமிச்சம்பழம் கடைசியில்.

டீக்கு இஞ்சியா, பொடியா? இஞ்சிதான், ஆனால் பாலில் நேராகத் தட்டிப் போடக் கூடாது. அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்துத் திரிய வைத்துவிடும். தண்ணீரில் மூன்று நிமிடம் கொதித்தபின் அந்த நொதி செயலிழந்துவிடும். பிறகு பால் ஊற்றலாம்.

பாக்கெட்டின் பெரிய குறை, உள்ளே இருப்பது எப்படிப்பட்ட சுக்கு என்று தெரியாதது. அயோடின் சொட்டுவிட்டு மாவு கலப்படம் பார்க்கச் சொல்வார்கள். சுக்கிலேயே மாவுச்சத்து ஏராளம், அசல் பொடியும் நீலமாகத்தான் மாறும்! வாங்கும்போது பேக்கிங் தேதியைப் பாருங்கள். பிரித்தபின் கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள். பிரித்து வைத்தது இரண்டு மூன்று மாதத்தில் மரத்தூள் மாதிரி ஆகிவிடும்.

எங்கள் ஓட்டு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் முழுச் சுக்குக்கே. ஒடித்தால் பட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஊசித் துளையும் அதிலிருந்து உதிரும் தூளும் தெரிந்தால் வண்டு வைத்தது. வெள்ளை வெளேரென்று இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு பூசியது. ‘சுக்குக்குப் புறணி நஞ்சு’ என்பார்கள். எதுவானாலும் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள்.

முழுத் துண்டை அப்படியே மிக்ஸியில் போட்டால் ஜார் போய்விடும். வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் இரண்டு நிமிடம் புரட்டி, இடிகல்லில் நசுக்கி, அதன்பின் விட்டு விட்டு அரைத்துச் சலிக்க வேண்டும். ஒரு தடவைக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம். அதோடு வறுத்த மல்லி 100 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி சேர்த்தால் சுக்குமல்லிப் பொடி தயார். டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி, கருப்பட்டியோடு. சல்லடையில் தங்கும் நாரைக் கொட்டிவிடாதீர்கள், இரண்டு நாள் டீத் தண்ணீருக்கு ஆகும்.